கொலுசைக் கழற்றி வைத்த ஞாயிற்றுக்கிழமை

என் மல்லிகா,

மேலே இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பாய். சிரித்தும் இருப்பாய். ஆனாலும் என் தரப்பையும் கொஞ்சம் கேள்.

நம்ம சாந்தி பள்ளிக்கூடத்தில் இப்போது புதிதாக ஒரு கிறுக்கு. டிராயிங் டீச்சர் ஆறேழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஞாயிறு காலையில் அடையாறு ஆறு கடலில் சேருகிற இடத்துக்குப் போகிறாராம், பறவைகளைப் போட்டோ எடுக்க. கேமரா ஒன்றே ஒன்று, டீச்சருடையது. பிலிம் விற்கிற விலைக்கு, ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு படம். நாரைக்காகச் சாந்தி தன் படத்தை எடுக்காமல் வாரக்கணக்கில் சேமித்து வைத்திருந்தாள்.

இதை நான் நம்பியிருக்கலாம். ஆனால் தி.நகர் புடவைக் கடையில் என் வேலை என்னவென்று உனக்குத் தெரியுமே. வாங்க வருகிறவர்களை அல்ல, வாங்காமல் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்ப்பது. பத்தாவது பெயிலானவனுக்குப் பெரிய உத்தியோகம்தான். அந்தக் கண்ணைக் கடையிலேயே கழற்றி மாட்டிவிட்டு வர முடிந்தால் நல்லது.

நீ போட்டுவிட்ட கொலுசை, நீ போன பிறகு அவள் குளிக்கும்போதுகூடக் கழற்றியதில்லை. அந்த ஞாயிறு காலையில் பார்க்கிறேன், வாசல் கதவோரம் உட்கார்ந்து சத்தமில்லாமல் கழற்றுகிறாள். பூப்போட்ட பாவாடை இல்லை, என் பழைய காக்கிச் சட்டை. தலையில் பூ இல்லை, முகத்தில் பவுடர் இல்லை.

“ஏம்மா, கொலுசு?”

“வந்து போட்டுக்கிறேன் நைனா. சத்தம் வரும்.”

“யாருக்குக் கேக்கக் கூடாது?”

“ஐயோ, டைம் ஆச்சு நைனா!”

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். நீயே சொல், சந்தேகம் வருமா வராதா?

கொலுசை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், சாட்சிக்கு. மந்தைவெளியிலிருந்து அவள் பின்னாலேயே நடந்தேன். கடையில் தூணுக்குத் தூண் ஒதுங்குவது போல மரத்துக்கு மரம் ஒதுங்கினேன்.

ஆற்றோரம் பிள்ளைகள் எல்லாம் அழுக்கு நிறச் சட்டையில் சேற்றில் குப்புறப் படுத்திருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. அதுவே எனக்குத் தப்பாகப் பட்டது. இத்தனை பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டிருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? ஒரு புதருக்குள் புகுந்து எட்டிப் பார்த்தேன். சாந்தி கையில் கேமரா. பத்தடி தள்ளி நாரை.

அப்போது என் பையில் ‘சலங்’ என்றது. நாரை எழும்பிவிட்டது.

“டீச்சர், அந்தப் புதருல இன்னாமோ கீது!”

“நாய்டா அது.”

“நாய் கொலுசு போட்டுக்கினு வருமாடா?”

எல்லோரும் சிரித்தார்கள், சாந்தியைத் தவிர. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியாதா? பறக்கிற நாரை பக்கம் அவள் திரும்பவில்லை. என் பக்கம் திரும்பி, தன் ஒரே படத்தை எடுத்துவிட்டாள்.

வரும் வழியில் கேட்டேன். “நாரைய வுட்டுட்டு என்னை ஏம்மா எடுத்தே?”

“நீதான் நைனா அசையாம நின்னே.”

படம் கழுவி வந்துவிட்டது. முள்ளுச்செடி, அதற்குள் அரைமுகம், பையைப் பொத்திய ஒரு கை. திருடனே தோற்றான். அதைக் கொண்டுபோய் மாலை போட்ட உன் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறாள். அடுத்து எனக்கும் மாலை போடுவாளோ என்று ஒரு கண் வைத்திருக்கிறேன்.

நாரையை ஏன் விட்டாள் மல்லிகா? நீ இருந்தவரை என்னைக் கண்காணிக்கிற வேலை உன்னுடையது. போகும்போது அதை அவளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாயா? என்னைக் கேட்காமல் இரண்டு பேரும் பேசிவைத்திருக்கிறீர்களா?

எப்படியோ போகட்டும். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் கொலுசைக் கைக்குட்டையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, ஆற்றுக்கு இந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்திருப்பேன். படம் எடுத்து முடித்து வந்ததும் அங்கேயே அவள் காலில் போட்டுவிடுவேன். மந்தைவெளி வரை நடத்தியே கூட்டி வருகிறேன். உனக்குக் கேட்கும்.

உன் வீட்டுக்காரன்,
சாந்தியின் நைனா