டில்லரின் கைப்பிடி

வெள்ளாயணி
12.6.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

நேரில் சொல்ல வாய் வராததால், எழுதி உங்கள் சட்டைப்பையில் வைக்கிறேன். விளையை உழும் டில்லரைச் சுற்றிக் கிளப்பும் கைப்பிடியை சுஜா தொலைக்கவில்லை. நேற்று நீங்கள் அவளை அடிக்கக் கம்பு ஒடித்தபோது, "அக்கா, நீயாவது சொல்லேன்" என்று அவள் அழுதாள். எடுத்தது நான்தான்.

"மக்களே, நாளைக்கு நீதான் வண்டிய கிளப்பணும், கேட்டியா" என்று நீங்கள் சொன்னதும் அவள் எப்படித் துள்ளினாள்! அவள் வயதில் நானும் அப்படித்தான் துள்ளினேன். உங்களோடு மரச்சீனிக் கிழங்கு விளையில் வேலை செய்ய எனக்கு இன்றும் பிடிக்கும். உங்கள்மேல் கோபமே இல்லை.

ஆனால் அந்தப் பழைய டில்லரின் பெல்ட்டுக்கு இன்னும் மூடி போடவில்லை. அந்த பெல்ட்டால் நான் பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருடம் ஆகிறது.

சுஜா களை பறிக்கட்டும், செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும். நீங்கள் மூடி போட்ட அன்று கைப்பிடியை நானே கொண்டுவந்து தருவேன். அதுவரை என்னை அடித்தாலும் இடத்தைச் சொல்லமாட்டேன்.

எழுத்து கோணலாக இருக்கும். இடது கை இன்னும் பழகவில்லை, அப்பா.

உங்கள் மூத்த மகள்