கதையில் இல்லாத பெட்டி

தண்டலம்
6.7.2003

அன்புள்ள புஷ்பம்,

நான் நலம். நீயும் உன் நாற்பத்திரண்டு பெண்களும் நலம்தானே? உன் விடுதிக்கு போன் செய்தால், பின்னால் வரிசையில் நிற்கும் பெண்களின் பெருமூச்சு எனக்குக் கேட்கிறது. அதனால் கடிதமே மேல். தண்டலத்திலிருந்து ஒரகடம் வர இரண்டு பஸ் மாறினால் போதும். ஆனாலும் நாம் பார்த்து நான்கு மாதம் ஆகிறது. வராதவள் நீ என்று நானும், நான் என்று நீயும் சொல்லிக்கொண்டிருப்போம்.

இன்றைய ஞாயிறு மலரில் என் கட்டுரை வந்திருக்கிறது. இதோடு வைத்திருக்கிறேன். கதை மாந்தர்களை உளப்பகுப்பாய்வின் வழியாகப் படித்துப் பார்க்கும் முயற்சி. எனக்கே இந்தக் கோட்பாட்டில் பாதி நம்பிக்கைதான். மனிதனையாவது கட்டிலில் படுக்க வைத்து, உன் கனவைச் சொல் என்று கேட்கலாம். கதை மாந்தருக்கு எழுத்தாளர் கொடுத்ததைத் தவிர வேறு மனம் ஏது? இருந்தும், மனத்துக்குள் ஆசைப்படுகிற ஒருவர், கண்டிக்கிற ஒருவர், இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு குடும்பம் நடத்துகிற ஒருவர் என்று மூன்று பேரை உட்கார வைத்துப் பார்த்தால் சில கதைகள் வேறு மாதிரி திறக்கின்றன.

மூன்று கதைகளை எடுத்துக்கொண்டேன். மூன்றாவது, 'மரகதம்' என்ற பெயரில் நீ அந்தச் சிற்றிதழில் எழுதிய 'நாற்பத்தொரு ஜோடி'. உன் உண்மைப் பெயரைச் சொல்லவில்லை, பயப்படாதே. தினமும் மாலையில் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணிவிட்டுக் கேட்டைப் பூட்டும் உன் கதையின் விடுதிக் காப்பாளர் ரோஸ்லின், ஒரு நாள் ஒரு ஜோடி குறைந்தும் ஏன் பூட்டினாள்? ஐந்து நிமிடம் தாமதமாக வந்த பெண் வெளியே நின்று கூப்பிட்டும் ஏன் திறக்கவில்லை? நீ காரணம் எழுதவில்லை. நான் எழுதியிருக்கிறேன். ஏழாவது பத்தியைக் கவனமாகப் படி. அதை எழுதும்போது பேனா தானாக ஓடியது.

இந்த ஆண்டு துறைத்தலைவர் பதவிக்கு என் பெயரும் போகிறது. கட்டுரை வெளிவந்த நேரம் நல்ல நேரம்தான்.

படித்துவிட்டுத் திட்டவாவது எழுது.

உன்
லேகா


ஒரகடம்
20.7.2003

அன்பு லேகா,

ஆண்டவர் கிருபையில் நலம். கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் வேறு வேலை செய்தேன்.

உன் கட்டுரை எனக்கு முன்னால் விடுதிக்கு வந்துவிட்டது தெரியுமா? என் பெண்கள் வேலைக்குப் போகும் வயரிங் கம்பெனி பஸ்ஸில் யாரோ விட்டுப்போன பேப்பரைப் பேச்சி எடுத்து வந்து, சாப்பாட்டு அறையில் சத்தமாக வாசித்தாள். "எக்கா, நம்ம செருப்பக் கணக்கெடுக்கது பேப்பர்ல வந்திருக்கு!" என்று ஒரே கூத்து. "அடக்கி வச்ச ஆசைன்னா என்னக்கா? ஓ.டி. துட்டுல சேல எடுக்கணும்னு நெனச்சு, எடுக்காம ஊருக்கு அனுப்புதமே, அதா?" என்று சுகப்பிரியா கேட்டாள். அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும். வாட்ச்மேன் அப்பாவு, "இன்னாமா, நம்ம கேட்டு பேப்பர்ல வந்துகீதாமே, என் பேரு போட்ருக்கானா?" என்று கேட்டு, இல்லை என்றதும் முகம் வாடிப்போனார்.

நானும் சிரித்தேன். பிறகு அறைக்கு வந்து ஏழாவது பத்தியைப் படித்தேன்.

நீ எழுதியிருப்பதை உனக்கே எழுதிக் காட்டுகிறேன்: 'ரோஸ்லின் ஒரு காலத்தில் பெட்டியுடன் பேருந்து நிலையத்தில் காத்திருந்தவள். ஒரு பூட்டு பழுதாகி நீல நாடாவால் கட்டிய பெட்டி. வர வேண்டியவன் வரவில்லை. வீட்டார் வந்து அழைத்துப் போனார்கள். அன்று தனக்குக் கிடைக்காத வெளியை அவள் இன்று இன்னொருத்திக்கு மறுக்கிறாள். கேட்டைப் பூட்டுவது கண்டிப்பு அல்ல, பொறாமை.'

லேகா, என் கதையில் பெட்டி இல்லை. பஸ் ஸ்டாண்டும் இல்லை. மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டேன். அது நம் எம்.ஏ. படிப்பின்போது மதுரையில், எனக்கு இருபத்திரண்டு வயதில் நடந்தது. அதை எழுத எனக்குத் துணிவு வந்ததே இல்லை.

நான் கேட்டைத் திறக்காதது ஏன் என்று உனக்குச் சொல்கிறேன். அந்தப் பெண் உச்சிமாகாளி. கம்பெனி பஸ் கூட்டுரோட்டில் மாட்டிக்கொண்டு ஏழு ஐந்துக்கு வந்தாள். ஏழுக்கு மேல் திறந்தால் என் வேலை போகும் என்று விடுதிக் கமிட்டி முந்தின வாரம்தான் எழுதிக் கொடுத்திருந்தது. பயந்தேன், அவ்வளவுதான். அவள் பத்து நிமிடம் நின்றாள். பிறகு ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டாள். வேலைக்குத் திரும்பி வரவே இல்லை. அந்த வெட்கத்தில்தான் கதை எழுதினேன். சிற்றிதழை இங்கே யார் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

இப்போது ஞாயிறு மலரை எல்லாரும் படித்திருக்கிறார்கள். செருப்பை எண்ணிப் பூட்டும் விடுதி ஒரகடத்தில் வேறு எது? கமிட்டி ஆகஸ்ட் 17 கூடுகிறது. கதையை எழுதியது நான்தானா, அந்தக் காப்பாளர் நான்தானா என்று கேட்கப் போகிறார்கள். செருப்பு நிஜம், மீதி கற்பனை என்று சொல்லிவிடலாம். பெட்டியைப் பற்றிக் கேட்டால்? எனக்குப் பொய் வராது என்று உனக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்று செய். அந்தப் பெட்டி கதையில் இல்லை, தவறுதலாக நீ சேர்த்தது என்று பத்திரிகைக்கு நாலு வரி எழுது. அதைக் காட்டினால் கேள்வியே வராது.

அன்புடன்
அன்னபுஷ்பம்


தண்டலம்
28.7.2003

அன்புள்ள புஷ்பம்,

உன் கடிதம் என்னைச் சங்கடப்படுத்திவிட்டது. ஆனால் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்.

ரோஸ்லின் வேறு, நீ வேறு. இது இலக்கியத்தின் பாலபாடம். பாத்திரத்தின் கடந்த காலத்தை விமர்சகர் ஊகிக்கலாம். இந்த முறையில் அது எல்லாரும் செய்வதுதான். பெட்டியை நான் ஓர் உருவகமாகத்தான் பயன்படுத்தினேன். நீ சொன்ன பழைய விஷயம் அடிமனத்தில் இருந்து வந்திருக்கலாம், மறுக்கவில்லை. அதற்காக வருந்துகிறேன்.

திருத்தம் போடுவது அவ்வளவு எளிதல்ல. கதையில் இல்லாததைச் சான்றாகக் காட்டினேன் என்று நானே எழுதிக் கொடுத்தால், கட்டுரை முழுவதும் விழுந்துவிடும். துறைத்தலைவர் நேர்காணல் அடுத்த மாதம். என்னோடு போட்டியிடுகிறவர்கள் அந்த நாலு வரியைத்தான் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள்.

உன் கமிட்டிக்காரர்கள் இலக்கியக் கட்டுரை படித்து ஒருவரை வேலையை விட்டு அனுப்புகிறவர்களாக எனக்குத் தோன்றவில்லை. நீ பயப்படுகிற சுபாவம். முன்பும் அப்படித்தான்.

நேர்காணல் முடிந்ததும் கட்டாயம் வருகிறேன். உனக்குப் பிடித்த பால்கோவா வாங்கி வருகிறேன்.

உன்
லேகா


ஒரகடம்
19.8.2003

லேகா,

கமிட்டி கூடியது. ஆறு பேர். நடுவில் செயலாளர் யாகப்பன், கையில் உன் கட்டுரை. ஏழாவது பத்திக்குச் சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள்.

மரகதம் நான்தான் என்றேன். கேட்டைப் பூட்டியதும் நான்தான் என்றேன். அதில் அவர்களுக்குக் குறையில்லை, விதிப்படிதானே பூட்டினேன். பொறாமை, ஆசை என்பதெல்லாம் பேராசிரியரின் கற்பனை என்றேன். தலையை ஆட்டினார்கள். முடிந்தது என்று நினைத்தேன். அப்போது யாகப்பன் சொன்னார், "அம்மா, கதை கிதை எல்லாம் வுடுங்க. பெட்டி எத்துகினு பஸ் ஸ்டாண்டுல நின்னது நெசமா இல்லியா? அத்த மட்டும் சொல்லுங்க."

நிஜம்தான் என்றேன்.

"தெக்கேருந்து அப்பா அம்மா நம்மள நம்பித்தான் பொண்ணுங்கள அனுப்புறாங்க. நாள பின்ன எவனாவது வந்து, ஓடிப்போகப் பாத்த அம்மாவையா வார்டனா வெச்சிகிறீங்கன்னு கேட்டா நாங்க இன்னா சொல்றது?" என்றார். கெட்ட மனிதர் இல்லை. என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். மாதக் கடைசிவரை வேலையில் இருக்கலாம் என்றார்கள்.

கூட்டம் முடிந்து, பரணில் இருந்த பெட்டியை இறக்கினேன். உன் பெட்டிதான். மதுரையில் நம் அறை எண் பதினான்கில் உன் கட்டிலுக்கு அடியில் இருந்தது, அன்று எனக்கு இரவல் கொடுத்தாய். உனக்குத் திருப்பித் தராமலே இருந்துவிட்டேன். பூட்டில் இன்னும் நாடா தொங்குகிறது. நீலம். நிறம் எனக்கே மறந்து போயிருந்தது. உனக்கு மறக்கவில்லை.

போன வருஷம் நீ படிக்கக் கொடுத்த உளவியல் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். தேவையில்லாத இடத்தில் ஒருவர் கொண்டுவந்து வைக்கும் பொருள் அவருடையதாகவே இருக்கும் என்று ஓரிடத்தில் வருகிறது. நீ பென்சிலால் அடிக்கோடு போட்டிருக்கிறாய்.

அன்று காலை ஒன்பதரை மணி பஸ் என்பது மூன்று பேருக்குத் தெரியும். காசிராஜனுக்கு, எனக்கு, உனக்கு. எட்டரைக்கே எபினேசர் அண்ணன் வந்து என் முன்னால் நின்றான். காசிராஜன்தான் பயந்துபோய் அண்ணனிடம் சொல்லிவிட்டார் என்று இருபத்தாறு வருஷம் நம்பினேன். அவரைச் சபித்திருக்கிறேன், லேகா. ஜெபத்தில்கூட.

உன்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நீ உருவகம் என்பாய்.

அன்னபுஷ்பம்


தண்டலம்
24.8.2003

புஷ்பம்,

அன்புள்ள என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நான்தான் சொன்னேன். முந்தின நாள் பிற்பகல் தல்லாகுளம் தபாலாபீசிலிருந்து, உன் அண்ணன் வேலை பார்த்த பள்ளிக்கு டிரங்கால் போட்டேன். இணைப்புக் கிடைக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எழுந்து போய்விட அவ்வளவு நேரம் இருந்தது. போகவில்லை. பேசிவிட்டு அறைக்கு வந்து, நீ துணிகளை அடுக்கப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். பூட்டு பழுது என்று நீ சொன்னதும், என் பின்னல் நாடாவை அவிழ்த்து நான்தான் கட்டிக் கொடுத்தேன். நிறம் எப்படி மறக்கும்?

இன்னும் ஒன்று இருக்கிறது. காசிராஜன் வந்தார். ஒன்பது மணிக்கு வந்து தேடிவிட்டு, பதினோரு மணிக்கு நம் விடுதி வாசலில் வந்து கேட்டார். நீ மனம் மாறி, விரும்பியே வீட்டுக்குப் போய்விட்டாய் என்று சொன்னேன். சரிங்க என்றார். திரும்பி நடந்துவிட்டார்.

உன் நன்மைக்குச் செய்தேன் என்றுதான் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். குடும்ப மானம், உன் படிப்பு, அவருக்கு நிலையான வேலை இல்லை என்று நிறைய காரணங்கள் வைத்திருந்தேன். கட்டுரையில் ரோஸ்லினுக்கு அந்தக் காரணங்களை நான் அனுமதிக்கவில்லை. பொறாமை என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதினேன். நீ போய்விட்டால் அந்த அறையில் நான் ஒருத்தி மட்டும் இருப்பேன். எனக்காக எந்த பஸ் ஸ்டாண்டிலும் யாரும் நிற்கப் போவதில்லை. அதுதான் காரணம். உன் கதையைப் படித்து, உன்னை வைத்து, என்னை எழுதியிருக்கிறேன். அதற்கு நீ விலை கொடுத்திருக்கிறாய், இரண்டாவது முறையாக.

போன கடிதத்தில் உன்னைப் பயந்த சுபாவம் என்று எழுதினேன். அந்த வரியை நினைத்தால் உடம்பு கூசுகிறது. பொய் சொல்லத் தெரியாதவளைப் பயந்தவள் என்றேன்.

பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பிவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. தவறுதலாக என்று நீ எழுதச் சொன்னாய். 'கதையில் இல்லாததை, ஆசிரியரின் அனுமதியின்றி, தெரிந்தே சேர்த்தேன்' என்று எழுதியிருக்கிறேன். யாகப்பனுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். ஒரு மாதம் முன்னால் செய்திருக்க வேண்டியது. துறைத்தலைவர் நேர்காணலுக்கு நான் போகவில்லை. அதைத் தியாகம் என்று நினைத்துவிடாதே. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கட்டுரையைப் பற்றிக் கேட்பார்கள், எனக்கு முகமில்லை.

வெள்ளிக்கிழமை ஒரகடம் வந்தேன். கூட்டுரோட்டில் இறங்கி உன் விடுதிவரை நடந்தேன். மணி ஏழாகப் போகிறது. நீ கேட்டுக்கு உள்ளே குனிந்து செருப்புகளை எண்ணிக்கொண்டிருந்தாய். அப்பாவு என்னைப் பார்த்துவிட்டு, "யாரும்மா, இன்னா வோணும்?" என்றார். அட்ரஸ் தவறிவிட்டது என்று சொல்லித் திரும்பிவிட்டேன். நீ நிமிர்ந்து பார்ப்பதற்குள் போய்விட வேண்டும் என்று ஓடியே போனேன்.

மன்னிப்புக் கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. நீ வரச் சொன்னால் வருவேன். எழுதாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

சந்திரலேகா


பென்னலூர்
14.9.2003

லேகா,

திருத்தம் வந்த பேப்பரைப் பார்த்தேன். யாகப்பன் ஆள் அனுப்பி, திரும்ப வந்து இருக்கச் சொன்னார். போகவில்லை. பேச்சியும் சுகப்பிரியாவும் இன்னும் மூன்று பெண்களும் சேர்ந்து இங்கே இரண்டு அறை வாடகைக்குப் பிடித்திருக்கிறார்கள். "எக்கா, நீங்களும் ஆறாவது ஆளா வந்துருங்க, ஆனா செருப்ப எண்ணப்பிடாது" என்றார்கள். வந்துவிட்டேன். சாவி ஆளுக்கு ஒன்று. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டியூஷன் சென்டரில் சாயங்காலம் பாடம் எடுக்கிறேன். உச்சிமாகாளிக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன், என் பயத்தைப் பற்றி. பதில் இல்லை. அவள் எழுதமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அதனால் நீ எழுதியது போல் எழுதுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், பதிலுக்குக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்றும் தெரியும். உன்னைக் காக்க வைக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

காசிராஜன் வந்தார் என்ற ஒரு வரிக்காக உனக்கு நன்றி. அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம் நீ.

இங்கே வர வேண்டாம். கடிதமும் வேண்டாம். கோபத்தில் எழுதவில்லை, இரண்டு வாரம் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

இதைக் கொண்டுவருகிற சக்திகுமார் வேன் ஓட்டுகிறவர், பேச்சியின் ஊர்க்காரர். உன் பெட்டியை அவரிடம் கொடுத்திருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் பழுது பார்த்தேன். இப்போது இரண்டு பூட்டும் விழுகின்றன. நாடாவை எடுத்துவிட்டேன்.

உள்ளே ஒன்றும் இல்லை. தேடாதே. அது வெறும் பெட்டிதான்.

அன்னபுஷ்பம்