காலி ஓவனுக்குக் காவல் நின்றவருக்கு

முதலாளி,

நேற்று மதியம் பல்லடத்தில் என் கடைக்கு உங்கள் பழைய மேனேஜர் சாப்பிட வந்தார். வெண்ணெயும் மிளகும் மணக்க ஒரு முழுக்கோழியை அவர் முன்னால் வைத்தேன். நெஞ்சுக்கறியில் ஒரு துண்டை வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். "அட, இது நம்ம மொதலாளி கைப்பக்குவமாச்சுங்களே! அவருகிட்டக் கத்துக்கிட்டதுங்களா?" என்றார். நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. என் கோழி இன்னும் உங்கள் பெயரில்தான் வேகிறது. நல்லா இருக்குதுங்க உங்கள் நியாயம்!

தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள் நான். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் உங்கள் பனியன் கம்பெனிக்குப் பின்னால் இருந்த கெஸ்ட் ஹவுஸில் பத்து வருடம் சமைத்தேன். அங்கேயே எனக்கு ஓர் அறை கொடுத்திருந்தீர்கள். மகள் அங்கிருந்து நடந்தே பள்ளிக்கூடம் போய் வந்தாள். அந்த அறை போனால் அவள் படிப்பும் போய்விடும். அது உங்களுக்கும் தெரியும், அதனால்தான் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினீர்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருடங்களில், புது செல்போன் சட்டைப்பையில் எல்லோருக்கும் தெரியும்படி துருத்திக்கொண்டிருக்கத் திரிவீர்கள். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் வருகிறார் என்று ஒரு ஓவன் வாங்கி வந்தீர்கள். அவருக்கு முழுக்கோழி சுட வேண்டும், அதை நீங்களே அவர் கண்முன்னால் வெட்ட வேண்டும். கத்தி பிடிக்கத் தெரியாத மனுஷனுக்கு எதற்கு இந்த ஆசை என்று நினைத்தேன்.

தோலோடு கோழி வாங்கி, முதல் நாள் இரவே உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, காலையில் ஈரம் போகத் துடைத்து, தோலுக்கடியில் வெண்ணெய் தடவி உள்ளே வைத்தேன். நீங்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்தீர்கள். போதாததற்கு முள்கரண்டியால் குத்திக் குத்திப் பார்த்தீர்கள். வெளியே எடுத்ததும் சொன்னேன்: "கொஞ்ச நேரம் ஆறட்டும் மொதலாளி. சூட்டோட வெட்டுனா சாறெல்லாம் வெளிய ஓடிரும்."

"ஆறிப்போன கோழியவா வெள்ளைக்காரனுக்குப் போடறது? அக்கட்டால போ கண்ணு."

"கட்டிங்ல துணி மூச்சு விடோணும்னு நீங்கதான சொல்லுவிய? கோழியும் அப்படித்தான் மொதலாளி."

சொல்லியிருக்கக் கூடாதுதான். ரோல் துணியை உதறி விரித்து ஒரு நாள் போட்டு வைக்காமல் வெட்டினால், தைத்த பனியன் சுருங்கிப் போகும். அதற்காக ஒரு கட்டிங் மாஸ்டரையே வேலையை விட்டு அனுப்பியவர் நீங்கள். ஆனால் என்னிடம், "அது துணி, இது கோழி. சோறாக்கறவ எனக்குத் தொழில் சொல்லித் தர்றாளா?" என்று எகிறினீர்கள்.

வெட்டினீர்கள். சாறு தட்டில் குளம் கட்டி நின்றது. கறியோ கழிவுப் பஞ்சு. பையர் இரண்டு வாய் மென்றுவிட்டுத் தண்ணீர் கேட்டார். உடனே அவரிடம், "நியூ குக் சார், நியூ குக்" என்று என்னைக் காட்டினீர்கள். ஆறு வருடச் சமையல்காரி அன்றைக்குப் புதுசாகிவிட்டேன். அவர் போன பிறகு, "அடுத்த தடவையும் இப்படி ஆச்சுன்னா உம்பட ஊருக்கு பஸ் ஏறிக்க" என்றீர்கள்.

அடுத்த தடவை நான் உங்களை நம்பவில்லை. பையர் ஒரு மணிக்கு வருவதாக இருந்தது. நீங்கள் வருவதற்குள் கோழியை எடுத்து மூடி ஸ்டோர் ரூமில் ஆறவைத்துவிட்டு, ஓவனை அணைத்தேன், உள்விளக்கை மட்டும் எரியவிட்டேன். கதவுக் கண்ணாடியில் எண்ணெய் படிந்திருந்ததைத் துடைக்கவில்லை. "தொறந்தா தோல் வெளுத்துரும் மொதலாளி. யாரும் தொறக்காம நீங்களே பாத்துக்கிடுங்க" என்றேன். இருபது நிமிடம் மார்பில் கைகட்டி நின்றீர்கள். கிட்டே வந்த ஆபீஸ் பையனைக்கூட விரட்டினீர்கள். ஸ்டோர் ரூமுக்குள் நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

கார் சத்தம் கேட்டு நீங்கள் வாசலுக்கு ஓடியதும் கோழியை மேசைக்குக் கொண்டுவந்தேன். நீங்கள் வெட்டியபோது தட்டில் ஒரு சொட்டு ஓடவில்லை. நெஞ்சுக்கறிகூட அவ்வளவு பதமாக இருந்தது. பையர் எலும்பு வரைக்கும் விடவில்லை. "மை மெத்தட் சார். ட்வென்டி மினிட்ஸ் ஐ ஸ்டேண்ட்" என்றீர்கள். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு எத்தனை விருந்து! ஒரு தடவையாவது என் பக்கம் கை காட்டியிருப்பீர்களா?

போகட்டும், விவரமில்லாத ஆள் என்று விட்டுவிட்டேன். பல வருடம் கழித்து நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரசம் கொண்டு வந்தேனே, அன்றைக்குத்தான் உங்களை முழுசாகத் தெரிந்துகொண்டேன்.

"ஏங் கண்ணு, அன்னைக்கு ஓவன் காலின்னு எனக்குத் தெரியும். நேரமாக ஆக வாசமும் இல்லை, தொட்டா சூடும் கொறஞ்சுட்டே வந்துச்சு. இருந்தாலும் உன்னையக் காட்டிக்குடுக்கலை பாத்துக்க. காலி ஓவனுக்கு எவன் இருவது நிமிசம் காவல் நிப்பான்?"

தெரிந்தே நின்றிருக்கிறீர்கள். தெரிந்தே என் கோழியை உங்களுடையதாக்கியிருக்கிறீர்கள். அதையும் எனக்குச் செய்த உபகாரமாகச் சொல்லிவிட்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்தீர்கள். சீ! விவரமில்லாதவனை மன்னிக்கலாம், உங்களை எப்படி மன்னிப்பது?

நான் என்ன செய்தேன் தெரியுமா? "ரொம்ப நன்றி மொதலாளி" என்றேன். அப்போது எனக்குச் சொந்தக் கடை இருந்தது. மகள் படித்து வேலைக்குப் போய்விட்டாள். உங்கள் தயவு ஒரு மண்ணும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. அன்று பஸ்ஸில் திரும்பும்போது உங்களைவிட என்னை நினைத்துத்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது.

நேற்று மேனேஜரிடம், "இல்லீங்க, இது என் கை" என்றேன். "பெரியவரு பேரைச் சொல்லக்கூட மனசு வரலீங்களா?" என்று சிரித்துவிட்டுப் போனார். இனி யாரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? உங்களிடமே சொல்கிறேன். துணி மூச்சு விடோணும் என்பது உங்கள் சொல். என் அடுப்படிப் பெண்களிடம் அதை உங்கள் பேரைச் சொல்லித்தான் சொல்கிறேன், ஏனென்றால் நான் உங்களைப் போன்றவள் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் நான் சொன்ன அந்த நன்றி என்னுடையது. அதை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், முதலாளி.