சங்க மண்டபத்தில் எடுத்த விரலடையாளங்கள்

அனுப்புநர்:
திருமதி விமலேஸ்வரி யோகநாதன்,
காணி இலக்கம் 31,
நொச்சிமடுக் குடியேற்றத் திட்டம்,
மாங்குளம்.

பெறுநர்:
அரசாங்க அதிபர் அவர்கள்,
கச்சேரி,
வவுனியா.

விடயம்: துவக்குக் களவு விசாரணைக்கென எடுத்த விரலடையாளங்களைக் கொண்டு என் நோயைச் சபையறியச் செய்தமை பற்றியும், அவ்வடையாளங்களை அழித்துவிடக் கோருவது பற்றியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

பொலிசாரைப் பற்றிய முறைப்பாட்டைப் பொலிசாரிடமே கொடுக்கும்படி எனக்குச் சொல்லப்பட்டது. கொடுத்தேன். ஐந்து மாதமாகியும் பதில் இல்லை. ஆகையால் தங்களுக்கு எழுதத் துணிந்தேன்.

1. நானும் என் கணவர் யோகநாதனும் ஒன்பது வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இக்காணியில் நெற்செய்கை செய்து வருகிறோம். எங்களுக்கு ஏழு வயதில் ஒரு பெண்பிள்ளை உண்டு.

2. சென்ற வருடம் தை மாதம் எனக்கு இருமலோடு இரத்தம் வந்தது. வவுனியாவில் நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்துச் சயரோகம் என்றார்கள். ஊசி மருந்தை எங்கள் மருந்துச்சாலையிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று கடிதம் தந்தார்கள். ஆனால் மருந்துச்சாலை விறாந்தையில் நாள்தோறும் ஊரே உட்கார்ந்திருக்கும். இந்நோய்க்கு ஊரார் சொல்லும் கசம் என்ற சொல் வெளியே வந்தால் அந்த வீட்டில் ஒருவரும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. என் நிலையைக் கேட்ட, மருந்துச்சாலைக்குப் பொறுப்பான அப்போதிக்கரி திரு. அப்புத்துரை அவர்கள், மத்தியானத்தில் தாம் குடியிருந்த அரசாங்கக் குவாட்டசுக்கு வரச் சொன்னார். மருந்துக் குப்பிகள் அவருடைய படுக்கையறையில், கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரியில் இருந்தன. ஊசி போட்டதும் எனக்குத் தலை சுற்றும். அந்த அலுமாரியைப் பிடித்துக்கொண்டுதான் சிறிது நேரம் நிற்பேன். ஒவ்வொரு முறையும் என் கணவரே சைக்கிளில் கூட்டிச் சென்று வாசலில் காத்திருந்தார். வைகாசி முடிவில் சளியில் கிருமி இல்லையென்று வவுனியாவிலிருந்து எழுத்தில் வந்தது.

3. ஆனி மாதம் 6ஆம் திகதி, அப்போதிக்கரி ஐயா தம் குடும்பத்தைப் பார்க்க யாழ்ப்பாணம் போயிருந்த நேரம், அவருடைய குவாட்டசை உடைத்து யாரோ அவருடைய வேட்டைத் துவக்கைக் களவெடுத்துவிட்டார்கள். விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர் கொழும்பிலிருந்து ஓர் அலுவலரை அழைத்து வந்தார். அவர் கதவுகளிலும் கண்ணாடியிலும் ஒரு தூளைத் தூவிப் படம் எடுத்தார். பின்னர் திட்டத்திலுள்ள வளர்ந்தவர்கள் எல்லோரையும், பெண்கள் உட்பட, கூட்டுறவுச் சங்க மண்டபத்துக்கு வரவழைத்துப் பத்து விரல்களிலும் மை பூசி அடையாளம் எடுத்தார்கள். தயங்கியவர்களுக்கு இன்ஸ்பெக்டர் சொன்னது இது: “கள்ளன் இல்லாதவைக்கு என்ன பயம்? கையைத் தாங்கோ. தராத வீட்டைத்தான் முதல் சோதிப்பம்.” நான் கள்ளி அல்ல. ஆகவே கையைக் கொடுத்தேன்.

4. இரண்டு கிழமை கழித்து, 27ஆம் திகதி, மறுபடியும் எல்லோரையும் மண்டபத்துக்கு அழைத்தார்கள். யார் யாருடைய விரல்கள் அந்த வீட்டில் பதிந்திருந்தன என்று இன்ஸ்பெக்டர் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். பால் கொடுப்பவர், விறகு கொண்டு போனவர் என்று ஆறேழு பேர். எல்லாம் விறாந்தையும் குசினியும். கடைசியாக என் பெயரை வாசித்தார்.

“அப்போதிக்கரியின்ரை படுக்கையறை அலுமாரியிலை உம்முடைய பத்து விரலும் கிடக்கு. என்னெண்டு வந்தது?”

அவர் கேட்ட சொற்களை அப்படியே எழுதியிருக்கிறேன். மண்டபத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். என் கணவர் எழுந்து, “நான்தான் கூட்டிக்கொண்டு போறனான். எனக்கு எல்லாம் தெரியும்” என்றார். அதற்குப் பின்வரிசையிலிருந்து காணி இலக்கம் 18ஐச் சேர்ந்த வீரகத்தி என்பவர், “ஓம், தெரிஞ்சுதானே வாசலிலை காவல் நிண்டவர்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்தார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அவரைப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. கள்ளி என்றோ கெட்டவள் என்றோ அங்கிருந்து போவதிலும் நோயாளியாகப் போவது மேல் என்று நினைத்து உண்மையைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து தள்ளிப் போய் நின்றார்கள்.

5. அதன்பின் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் தங்கைக்குப் பேசி முடித்திருந்த கலியாணம் நின்றது. பள்ளிக்கூடத்தில் என் பிள்ளைக்குத் தனி வாங்கு போட்டார்கள். நடுகைக்கு ஒருவரும் வரவில்லை. நாங்கள் இருவருமாக நட்டு முடிக்க முப்பத்தொரு நாள் சென்றது. நோயாளியைக் குவாட்டசில் வைத்துப் பார்த்தது முறைகேடு என்று அப்போதிக்கரி ஐயாவைத் தூர இடத்துக்கு மாற்றினார்கள். கிருமி இல்லை என்ற வவுனியாக் கடிதத்தைச் சங்கக்கடைப் பலகையில் ஒட்டினேன். மறுநாள் அதைக் காணவில்லை.

6. துவக்கு ஆடி மாதம் அகப்பட்டது. எடுத்தவன் மரம் ஏற்ற வந்த ஒரு லொறிச் சாரதி. எங்கள் திட்டத்தவன் அல்லன். மாங்குளத்தில் ஒரு கடைக்காரர், பிடியில் செப்புக் கம்பி சுற்றியிருந்ததைக் கண்டு அது யாருடையது என்று அறிந்து பிடித்துக் கொடுத்தார். எங்கள் விரல்களில் ஒன்றுகூட அதற்கு உதவவில்லை.

7. ஐயா, விஞ்ஞானத்தை வேண்டாம் என்று சொல்ல நான் அறிவில்லாதவள் அல்ல. என் நெஞ்சைச் சுகமாக்கிய ஊசியும் விஞ்ஞானம் தந்ததுதான். கள்ளனைப் பிடிக்க வேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கள்ளனைத் தேடும்போது கள்ளன் அல்லாதவர்களுடைய வீட்டுச் சங்கதியும் கையில் வந்து விழும். அதை என்ன செய்ய வேண்டும் என்று இன்ஸ்பெக்டருக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லைப் போலும். என்னைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஊசிக் கடிதத்தைக் காட்டியிருப்பேன். காரியம் அங்கேயே முடிந்திருக்கும்.

8. இன்னும் ஒன்றைச் சொல்லாமல் இம்மனுவை முடிக்க முடியாது. மேலே சொன்ன வீரகத்தி கார்த்திகை மாதம் முதல் படுக்கையில் கிடந்து, மார்கழி 19ஆம் திகதி இரத்தம் கக்கி இறந்துபோனார். மண்டபத்தில் என்னைப் பார்த்துச் சிரித்த அன்றே அவருக்கும் இருமல் இருந்ததாம். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் சிலவு முடிந்த பிறகு அவருடைய மனைவி இலட்சுமி என் வீட்டுக்கு வந்தா. ஆறு மாதத்தில் எங்கள் படலையைத் திறந்த முதல் ஆள் அவாதான். “உனக்கு நடந்ததைப் பாத்துத்தான் பிள்ளை, அவர் ஆஸ்பத்திரிக்குப் போகேல்லை. கசக்காரன் எண்டு தன்னையும் சபையிலை நிப்பாட்டுவாங்கள் எண்டு சொல்லிச் சொல்லியே கிடந்தார்” என்றா. அவருக்குத் தேவைப்பட்ட மருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது. வீரகத்தி மீது எனக்கிருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. இலட்சுமி இப்போது இருமுகிறா. அவாவும் போக மறுக்கிறா.

ஆகவே, குற்றஞ்சாட்டப்படாத எங்கள் எல்லோருடைய விரலடையாளத் தாள்களையும் எங்கள் கண்முன் எரித்துவிடுமாறும், விசாரணையில் அறிய வந்த சொந்தச் சங்கதிகளைச் சபையில் வெளியிடாதபடி கட்டளையிடுமாறும், அப்போதிக்கரி ஐயாவின் மாற்றத்தை மீளாராயுமாறும், நெஞ்சு நோய்க்காரர் பிறர் காணாமல் வந்துபோக மருந்துச்சாலையில் ஒரு தனியறை ஒதுக்குமாறும் வேண்டுகிறேன். கடைசியில் சொன்னதையாவது இலட்சுமிக்காக உடனே செய்து தாருங்கள்.

வரும் 18ஆம் திகதி திங்கட்கிழமை, களத்தில் குவித்திருந்த சூட்டு நெல் களவு போனதை முன்னிட்டு, மறுபடியும் எல்லோரும் மண்டபத்துக்கு வரவேண்டும் என்று அறிவித்திருக்கிறார்கள். இம்முறை முகத்தையும் படம் பிடிப்பார்களாம். நான் போகப் போவதில்லை. என் கணவரும் போகமாட்டார். அதற்குச் சட்டத்தில் என்ன தண்டனை உண்டோ அதை ஏற்றுக்கொள்கிறோம். அத்தண்டனையை மட்டும் சபையில் வாசிக்காமல், உறையில் ஒட்டி மேற்படி விலாசத்துக்கு அனுப்பிவைக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிவுள்ள,
விமலேஸ்வரி யோகநாதன்

நொச்சிமடு,
12.01.1965