துளையில்லாத திருகு

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை நீ நின்றபடியேதான் படிப்பாய், எனக்குத் தெரியும். அதனால் முதலில் ஒரு வேலையை முடித்துவிட்டு வா. பம்ப்பை ஓட விட்டு, பிரஸ்ஸின் மேல்தட்டை உச்சிக்கு ஏற்றி, வெளியில் நின்றபடியே இரண்டு பக்கமும் தட்டைத் தாங்கிப் பிடிக்கும்படி இரும்பு முட்டுகளை உள்ளே தள்ளி வை. அதுவரைக்கும் நீயோ உன்னோடு இருப்பவர்களோ அந்தத் தட்டுக்குக் கீழே ஒரு விரலைக்கூட நீட்டக் கூடாது.

வைத்துவிட்டாய் அல்லவா? சரி, இப்போது நலம் விசாரிக்கிறேன். எப்படி இருக்கிறாய்? சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? மூன்று மாதமாக என் போனை நீ எடுப்பதில்லை. அனுப்பிய செய்தியெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அம்மா தினமும் சாயங்காலம் கேட்கிறாள், அங்கே சிக்னல் இல்லை என்று நானும் தினமும் சொல்கிறேன். நேற்று அவள், பக்கத்து வீட்டுக்காரரோடு பேச மட்டும் அவனுக்கு எப்படி சிக்னல் வருகிறது என்று கேட்டாள்.

நீ இருக்கிற இடத்து அலுவலகத்துக்கு நான்கு முறை பேசினேன். எடுத்தவர் வாய் நிறையச் சாப்பாட்டோடு, சொல்லிடுறேன் மேடம் என்றார். திருகு என்றதும், எந்தத் திருகு என்றார். அந்தச் செய்தி உன்னிடம் வராது என்று அப்போதே புரிந்துவிட்டது. ரயிலும் பஸ்ஸும் மாறி நான் வந்து சேர மூன்று நாள் ஆகும். நாளை மறுநாள் பிரஸ்ஸில் டை அச்சை ஏற்றப் போகிறீர்கள் என்று அட்டவணை சொல்கிறது. எண்ணெய்க் கசிவைத் தடுக்கிற சீல் வளையங்களின் பெட்டி மட்டும் சரக்கு விமானத்தில் நாளை காலையே வந்துவிடும். அந்த வளையங்களை வேறு யார் தொட்டாலும் உனக்கு ஆகாது. அந்தப் பிடிவாதத்தை எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன். இன்று அதை நம்பித்தான் இந்தக் கடிதத்தை அந்தப் பெட்டிக்குள் வைக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அந்த பிரஸ்ஸில் இருப்பது நான் வடிவமைத்த பிளாக். ஒரே இரும்புக் கட்டி, பதினான்கு வாய், உள்ளே குறுக்கும் நெடுக்குமாக எண்ணெய் ஓடுகிற துளைகள். வால்வையும் அடைப்பையும் மாற்றினால் போதும், எந்த மிஷினுக்கும் பொருந்தும் என்று ஊரெல்லாம் பெருமை பேசினேனே, அதேதான். ஒன்பதாம் வாயில், சுமையைத் தாங்குகிற வால்வுக்கும் டாங்க்குக்குத் திரும்புகிற வழிக்கும் நடுவில், ஒரு சின்னத் திருகு உட்காரும். படுக்கை வாட்டத்தில் தள்ளுகிற மிஷினுக்கு ஊசித்துளை போட்ட திருகு. அடைபட்ட எண்ணெய் அதன் வழியே மெல்ல வடிந்துவிடும். உங்களுடையது போல மேலேயிருந்து இறங்குகிற பிரஸ்ஸுக்குத் துளையே இல்லாத திருகு. இல்லாவிட்டால் பம்ப்பை நிறுத்தியதும் மூன்று டன் தட்டு தானாகக் கீழே வரும்.

உங்கள் பிரஸ்ஸில் துளை போட்ட திருகு இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பொருளறைக்காரர் துளையில்லாத திருகு ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். பிரஸ் ஆர்டருக்கு வழக்கமாக எடுத்து வைக்கிற தட்டில் இது மிச்சம் கிடக்கிறதே, ஏன் என்று கேட்டார். நான் போட்ட பாகப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். இதற்கு முந்தைய ஆர்டர் அட்டைக் கழிவை அமுக்குகிற படுக்கை மிஷின். அவசரத்தில் அந்தப் பட்டியலையே நகலெடுத்து, வால்வுகளை மட்டும் மாற்றியிருக்கிறேன். ஒன்பதாம் வரியை மாற்றவில்லை. பூட்டியவர்கள் பட்டியலில் இருந்ததை அப்படியே பூட்டியிருக்கிறார்கள். சோதனை மேடையில் பம்ப் கடைசி வரை ஓடிக்கொண்டே இருந்ததால் அழுத்தம் குறையவே இல்லை. அந்தச் சோதனை முறையை எழுதியதும் நான்தான்.

அன்றைக்கு டிராயிங்கைச் சரிபார்க்கிற கூட்டத்தில் இரண்டு திருகையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நீ கேட்டது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "அக்கா, ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கே, தலையில ஒரு பெயின்ட் புள்ளியாவது வைக்கக் கூடாதா? அசதியில மாறிப்போனா யாரு பொறுப்பு?" நான் சொன்னதும் நினைவிருக்கிறது. "முறுக்குறவங்க முறுக்குனா போதும். யோசிக்கிறத நாங்க பாத்துக்குறோம்." பத்துப் பேர் சிரித்தார்கள். நீ திருகுகளை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனாய். அடுத்த வாரமே வெளியூர் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாய். அக்கா என்ற உரிமையில்தான் சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உரிமையும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் திமிர்.

என் மேலதிகாரிக்கு நீ 'அப்புறம் சார்' என்று பெயர் வைத்தாயே, அவரிடம் உடனே சொன்னேன். பெயரைக் காப்பாற்றினார். இப்போது வாயைத் திறந்தால் இந்த பிளாக்கையே யாரும் வாங்க மாட்டார்கள், அடுத்த பராமரிப்புக்குப் போகும்போது சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்றார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். இதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எட்டு வருட உழைப்பு, என் பெயர், எல்லாம் கண் முன்னால் வந்தது. டை கட்டக் கீழே குனியப் போகிறவர் யார் என்று இன்று காலை அட்டவணையில் பார்த்தேன். உன் பெயர் இருந்தது. வேறு யார் பெயராவது இருந்திருந்தால் இன்னும் எத்தனை நாள் சும்மா இருந்திருப்பேன்? அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பத்து மணிக்கு அந்தத் தொழிற்சாலை மேலாளருக்கு என் பெயரிலேயே மெயில் அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் இல்லை. அப்புறம் சார் இரண்டு முறை அறைக்குக் கூப்பிட்டுவிட்டார், நான் போகவில்லை. வேலை நிலைக்குமா என்று தெரியாது. உன் மாமா மட்டும், முதலில் தம்பிக்கு எழுது, மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார். மனுஷன் பேசுவதே அபூர்வம், பேசினால் உருப்படியாகப் பேசுகிறார்.

பெட்டியின் அடியில் வெள்ளைத் துணியில் முடிந்து வைத்திருப்பது துளையில்லாத திருகு. தலையில் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறேன். உன் மருமகளின் நகப்பூச்சுதான், கைக்கு வேறு எதுவும் அகப்படவில்லை. இனி எல்லா டிராயிங்கிலும் அந்தப் புள்ளி இருக்கும், யோசனை உன்னுடையது என்ற குறிப்போடு. முட்டுகள் நிற்கும்போதே பம்ப்பை நிறுத்து. மேல்தட்டு மெல்ல இறங்கி முட்டுகள்மேல் உட்காரும், பயப்படாதே. அது உட்கார்ந்து, அழுத்தமானி பூஜ்யத்துக்கு வந்த பிறகு ஒன்பதாம் வாயைத் திற.

என்னை மன்னிக்க வேண்டாம். போன் பண்ணவும் வேண்டாம். அம்மாவிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசு. எனக்கு, அந்த ஊசித்துளைத் திருகைக் கழற்றி இதே பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பு. ஒரு வரிகூட எழுதத் தேவையில்லை. அது என் கைக்கு வந்தால் போதும், உன் கை பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், தம்பி. முட்டுகளை இன்னொரு முறை பார்த்துவிடு.

உன் அக்கா