போய்வரும் தையல்

சுங்கைப் பட்டாணி,
1943 மே 22.

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய அவர்களுக்கு,

நானும் ரமணியும் சுகம். தாங்களும் சுகம் என்று இப்போது துணிந்து எழுதுகிறேன். அந்தத் துணிவு எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதைக் கொண்டு வருகிற சின்னையா, சயாம் போகிற ரயிலில் எஞ்சினுக்கு விறகு போடுகிறவர். நம்பிக்கையான மனிதர். தேத்தண்ணி இருந்தால் ஒரு வாய் கொடுங்கள்.

முதலில் வீட்டுப் புதினம். உங்கள் ரோஜாப் பாத்தி இருந்த இடமெல்லாம் மரவள்ளி. ரமணி பள்ளிக்கூடத்தில் ஜப்பான்காரரின் நிப்பொங் பாட்டுப் படித்துவிட்டு வந்து, அதே மெட்டில் சாமி அறையில் தேவாரம் பாடுகிறாள். சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாமல் நிற்கிறேன். அரிசியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, நீங்களும் கேட்க வேண்டாம்.

மூன்று மாதம் என்று சொல்லித்தானே தைப்பொங்கல் கழித்து உங்களைச் சயாம் ரயில் ரோட்டு வேலைக்குக் கூட்டிப் போனார்கள்? சித்திரை பிறந்தும் ஒரு துண்டுக் கடுதாசி இல்லை. போதாததற்கு, வண்டி ஏறும்போது “போயிட்டு வாறன்” என்று சொல்லாமல் “போறன், மலர்” என்று சொல்லிவிட்டீர்கள். படித்த மனிதர் வாயில் வருகிற சொல்லா அது! எத்தனை நாள் அதை நினைத்து உங்களைத் திட்டியிருப்பேன்.

அப்போதுதான் ஜப்பான் சக்கரவர்த்தியின் பிறந்தநாளுக்குப் பாடாங் திடலில் கைவேலைச் சந்தை வைக்கிறார்கள், பெண்கள் தைத்ததைக் கொண்டு வரலாம், பரிசு உண்டு என்று அறிவித்தார்கள். பெரிய அதிகாரிகள் வருவார்கள், யாரிடமாவது உங்களைப் பற்றிக் கேட்டுவிடலாம் என்றுதான் போனேன். பரிசு அதற்கு அப்புறம். சரி, பொய் எதற்கு? பரிசும் வேண்டித்தான் இருந்தது.

நூல் என்ற பேச்சே கடைத்தெருவில் இல்லை. கோபிக்கக் கூடாது: உங்கள் உதைபந்தாட்டக் காலுறைகள் இப்போது இல்லை. சிவப்பும் நீலமுமாக வடிவாகப் பிரிந்து வந்தன. துணிக்கு மாவுச் சாக்கைத் தோய்த்துத் தோய்த்து வெள்ளையாக்கினேன். வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரே ஊசி, ரமணியைக் கிட்டவே விடவில்லை.

போட்டது போய்வரும் தையல். யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் பழகியது, “பின்பக்கத்தை ஆர் பாக்கப்போறான்?” என்று நீங்கள் பகிடி பண்ணுகிற அதே தையல். ஒரு தையல் போட்டு, ஒரு தையல் அளவு இடம் விட்டு, அப்படியே கோடு முடியும் மட்டும் போக வேண்டும். அங்கே திரும்பி, விட்ட இடங்களை நிரப்பிக்கொண்டு தொடங்கின இடத்துக்கே வர வேண்டும். முடிச்சுக் கிடையாது. முன்னும் பின்னும் ஒன்றுபோல இருக்கும். அந்தத் தையலில் ஒரு பெரிய தாமரைக் கோலம் போட்டேன்.

பாடாங்கில் நல்ல கூட்டம். மெர்போக் மலாய்ப் பெண்களின் சரிகை வேலை கண்ணைப் பறித்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். செமிலிங் ரப்பர் தோட்டத்துப் பெண்கள் பூப்போட்ட தலையணை உறைகளோடு வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு இரஞ்சிதம் கொடி பறக்கிற போர்க்கப்பல் ஒன்றைத் தைத்துக்கொண்டு வந்து, என் துணியைப் பார்த்து, “என்னடி, வாசல்ல போடுறதைத் துணியில போட்டிருக்கிறாய்?” என்றாள். நான் துணியின் மடிப்பை நீவிவிட்டேன். நம்பமாட்டீர்கள், ஆனால் பேசாமல்தான் இருந்தேன்.

பரிசு கொடுக்க வந்தவர் மீசை நரைத்த ஓர் அதிகாரி. அவர் பேச்சை மொழிபெயர்த்தவர் நம் முத்துக்குமாரு மாஸ்டர், உங்களோடு பந்து விளையாடியவர். அதிகாரி முன்பக்கம் எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு துணியாகப் புரட்டினார். ஐயோ, இரஞ்சிதத்தின் கப்பலுக்குப் பின்னால் இடியப்பம் பிழிந்த மாதிரி நூல்! என்னுடையதைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். எது முன், எது பின் என்று தெரியாமல் மாஸ்டரைப் பார்த்தார். எனக்கு வந்த பெருமையை எழுத்தில் எழுத முடியாது. பின்பக்கத்தை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டீர்களே, பார்த்தார்கள்!

முதல் பரிசு எனக்குத்தான். அந்தத் துணியை அதிகாரி தன் தாயாருக்கு அனுப்பக் கேட்கிறார் என்று மாஸ்டர் சொன்னார். இதுதான் சமயம் என்று, “தாறன் மாஸ்டர். என்ர மனுசன் எங்கை இருக்கிறார் எண்டு அறிஞ்சு சொல்லச் சொல்லுங்கோ” என்றேன். மாஸ்டர் முகம் வெளுத்தது. ஏதோ நீளமாகச் சொன்னார். அதிகாரி சிரித்துத் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். எனக்கு நிப்பொங் மொழி தெரியாதுதான். ஆனால் ஆளின் பெயர் எந்த மொழியிலும் பெயர்தானே? மாஸ்டர் சொன்னதில் உங்கள் பெயர் இல்லை. பிள்ளைகுட்டிக்காரர், பயந்துவிட்டார். அவரில் குற்றமில்லை.

தாலி ஏறின நாள் முதல் இந்த வாய் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அரிசி அட்டை எழுதுகிறவர் கேட்டால்கூட ரமணியைத்தான் முன்னால் தள்ளுவேன். அன்றைக்குச் சொன்னேன். “சிவகுரு! ரயில்வே கிளார்க் சிவகுரு! சயாம்!” பாடாங் முழுக்கக் கேட்டது. இரஞ்சிதம் வாயைப் பொத்திக்கொண்டாள். என் குரல் நடுங்கவில்லை. அதிகாரி திரும்பினார். இனி மாஸ்டருக்கு வேறு வழியில்லை, உள்ளதைச் சொன்னார். அதிகாரி என்னைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவரும் “ஷிபகுரு” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அவ்வளவுதான், செமிலிங் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்கள் வீட்டு ஆண்களையும் லாரியில் ஏற்றிப் போய்விட்டார்களாம். “அக்கா, எங்க வூட்டுக்காரரு பேரையும் சேத்துச் சொல்லிடுங்கக்கா” என்றாள் ஒருத்தி. பெயர் என்ன என்றால் சொல்லமாட்டாள். “தோட்டத்துக் கோயில்ல அருவாளோட நிப்பாருல்ல, அந்தச் சாமி பேருதான்” என்கிறாள்! “நீயே சொல்லு, நாக்கு அழுகிப் போகாது” என்று அதட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு “வீரசாமி” என்று சொல்லி முடிப்பதற்குள் அதிகாரி என் துணியோடு காரில் ஏறிவிட்டார். செமிலிங் வீரசாமி. அங்கே கண்டால், வீட்டில் சுகம் என்று சொல்லுங்கள்.

போன கிழமை அதிகாரி விசாரித்துச் சொன்ன சேதியோடு மாஸ்டரே வீடு தேடி வந்தார். நீங்கள் சயாமில் கான்புரிச் சாமான் கிடங்கில் கணக்கு எழுதுகிறீர்கள், காய்ச்சல் வந்து எழும்பிவிட்டீர்கள், வேலை முடியும் மட்டும் விடமாட்டார்கள் என்றார். நான் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். இரஞ்சிதம் ஓடி வந்து, என்ன ஏது என்று கேட்காமலே சேர்ந்து அழுதாள். அடுத்த நாள் போய்வரும் தையல் பழக்கச் சொல்லி வந்து நின்றாள். பழக்குகிறேன். கொஞ்சம் அலையவிட்டுத்தான்.

இந்தக் கடிதத்தோடு ஒரு துணி வருகிறது. அதில் உங்கள் பெயரைத் தைத்திருக்கிறேன், வாயால் சொன்னதைக் கையால் போடக் கூச்சமென்ன? எழுத்துகள் விட்டு விட்டுக் கிடக்கின்றனவே, நூல் போதவில்லையோ என்று நினைக்க வேண்டாம். போகிற தையல் மட்டும் போட்டிருக்கிறேன். திரும்புகிற தையலுக்கான நூலை அறுக்காமல் ஓரத்தில் சுற்றி வைத்திருக்கிறேன், அதைப் பத்திரமாகப் பாருங்கள். ஊசி என்னிடம் இருக்கிறது.

உங்கள் பெயரைச் சொன்னதற்கு என்னைப் பேச வேண்டுமானால் வந்து பேசுங்கள், எதிர்வார்த்தை சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் துணியை நீங்களே கொண்டு வர வேண்டும். வேறு யார் கையிலாவது வந்தால் நான் வாங்கமாட்டேன்.

முருகன் துணை.

வாசலைப் பார்த்திருக்கும்,
தங்கமலர்