ஈரச் செங்கல்

இன்று காலை அடுப்புக்குப் பின்னாலிருந்து அந்த இரும்புக் கரண்டியை எடுத்தேன். நீ கடைசியாக உருக்கிய ஈயம் அதன் அடியில் தோசை ஓரம் போல மெல்லிசாக ஒட்டிக்கிடந்தது. அப்பாவின் வீச்சு வலையில் பாதி ஈயக் குண்டுகள் முகத்துவாரத்துப் பாறைகளில் அறுந்து போய்விட்டன. குண்டில்லாத வலை அடியில் போய் உட்காராது. மீன் கீழ்வழியாக நழுவிவிடும். நான் வார்த்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீ இல்லாமல் இதுதான் முதல் தடவை.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டபின் எனக்குப் பேச இருந்தது அடுத்த வீட்டிலிருந்த நீ ஒருத்திதான். அதிலும் பேசியதெல்லாம் நீதான். "கடையில இன்னாத்துக்கு வாங்கணும், நாமளே ஊத்தலாம்டி" என்று ஆரம்பித்தாய். இரண்டு செங்கல்லைக் குடைந்து அச்சு செய்தோம். நூல் கோக்கத் துளை வேண்டுமென்று நடுவில் சைக்கிள் கம்பி வைத்தாய்.

குண்டில் செங்கல் பொடி ஒட்டுமே என்று முந்தின நாள் அச்சைக் கழுவி வைத்தேன். மேலே காய்ந்திருந்தது. நீ கரண்டியைச் சாய்க்கும்போதுதான் ஓரத்தில் கருத்த ஈரம் கண்ணில் பட்டது. சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. ஈயம் படபடவென்று தெறித்து உன் மணிக்கட்டில் விழுந்தது.

"பாத்தியா இல்லியா?"

பார்த்தேன் என்று தலையாட்டினேன்.

"பாத்துகினு கம்முனு இருந்தியா, ஊமைக்கோட்டான்! வாய தொறந்தா முத்து கொட்டிடுமா?" வலியோடு சிரித்தாய்.

புளியங்கொட்டை அளவுக்கு அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. போன மழையில் காய்ச்சலோடு உன்னை ஆட்டோவில் ஏற்றியபோது அதையேதான் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றும் ஒன்றும் சொல்லவில்லை.

பஞ்சர் கடையில் எப்போதும் நீதான் கேட்பாய்: "நைனா, சக்கரத்துல இருந்து கழட்டுன ஈயக்கட்டி எதுனா கீதா?" நான் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பேன். இன்று தனியாகப் போய், இரண்டு முறை கடையைத் தாண்டிவிட்டுத் திரும்பினேன். அவரே கூப்பிட்டார்.

"இன்னா பாப்பா, தனியா வந்துகீற? அந்த வாயாடி எங்க?"

எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்த வார்த்தையை இதுவரை நான் யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"செத்துப்போச்சுண்ணா."

அவர் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தார். பிறகு டப்பாவிலிருந்த ஈயம் முழுவதையும் என் பையில் கவிழ்த்தார்.

வாசலில், காற்று போகும் பக்கமாக அடுப்பை வைத்தேன். அச்சை அதன் ஓரத்தில் வெகுநேரம் சுட வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில், கம்பி போகும் வழியில், எங்கும் கருப்பு இல்லை.

"காஞ்சிடுச்சு, ஊத்து" என்று சத்தமாகச் சொன்னேன்.

பிறகு கரண்டியை நானே சாய்த்தேன்.